மறுதரப்பின் கதிரை

அண்ணை,

நேற்றுப் பின்னேரம் நிலக்கீழ் அறை ரிவியில் பிரிட்டன்காரரைக் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகிறோம் என்று வாக்குப் போட்டுவிட்டு, எப்படிப் போவது என்று தெரியாமல் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீளமான மேசை. ஒரு பக்கம் போகிறவர்கள், மற்றப் பக்கம் இருக்கிறவர்கள், நடுவில் தண்ணீர்ப் போத்தல்கள். கடலில் மீன் யாருடையது, லொறிகளை எந்த இடத்தில் மறித்துச் சோதிப்பது, அங்கே வேலை செய்துவிட்டு இங்கே வந்திருக்கிற கிழவனுக்கு யார் பென்சன் கொடுப்பது. பென்சன் என்ற சொல் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "உதெல்லாம் நாங்கள் மில்லிக்கனில பேசி முடிச்சிட்டமடா!" என்று ரிவியைப் பார்த்துக் கத்தினேன். சமையலறையில் நின்ற மகள் படியில் பாதி இறங்கி வந்து, "என்னப்பா, இனி இங்கிலாந்துக்காரரோடையுமோ சண்டை?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

எனக்கு அவர்களோடு என்ன சண்டை? என் சண்டை உங்களோடு. நீங்கள் செத்து இத்தனை வருடமாகியும் அது முடியவில்லை. இந்தக் கடிதத்தை மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒருமுறை நடந்ததை நடக்காதபடி எழுதினேன். அதனால் வந்ததுதான் எல்லாம்.

நீங்கள் முதன்முதல் வந்த சனிக்கிழமை நினைவிருக்கிறது. ஊரில் யுத்த நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டு நகரங்களில் இரண்டு தரப்பும் கை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிவதென்று முடிவானால் எப்படிப் பிரிவது என்று எழுதி வைக்க ஒருவரும் இல்லை என்று எனக்குக் கோபம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புலம்பெயர்ந்து இங்கே வந்து கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தியவன். ஆனாலும் நூலகத்தில் அகராதியும் கையுமாக இருந்து, செக்கும் சிலோவாக்கும் எப்படிச் சண்டையில்லாமல் பிரிந்தன, சிங்கப்பூர் எப்படி மலேசியாவை விட்டு வெளியே வந்தது என்றெல்லாம் வாசித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். இந்த நகரத்தின் ஓரத்தில், மில்லிக்கனில், ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் பின்பக்கம் ரியூசன் வகுப்பு நடக்கிற அறையை, பிள்ளைகள் போனபின் எங்களுக்குத் தந்தார்கள். நான் தலைமை. சாரதிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த யோகன் செயலாளர். நாங்கள் அதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தோம். சனம் 'மேசை' என்றுதான் சொன்னது.

அன்றைக்கு நாங்கள் கொடியைப் பற்றியும் முத்திரையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் பின்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளையின் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்தபடி கையை உயர்த்தினீர்கள்.

"எனக்கொரு கேள்வி. சின்ன வெங்காயம் எந்தப் பக்கத்தால போகும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"சிரிக்காதேங்கோ. ரயில்வேயில நான் சரக்குக் கிளாக். யாழ்ப்பாணத்தில என்ன ஏறினது, தெற்கில என்ன இறங்கினது எண்டு எனக்குத் தெரியும். வெங்காயம், புகையிலை, மிளகாய், கருவாடு. எல்லாம் அங்கதான் விக்கிறது. நாளைக்குத் தனிநாடு. கொழும்புக்காரன் வெங்காயத்துக்கு வரி போடுறான். உங்கட கமக்காரன் ஆரைப் பேசுவான்? அவனையோ, உங்களையோ?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"நாங்கள் ஒரே அரசாங்கத்துக்குள்ள மட்டும் இல்லை, ஒரே சந்தைக்குள்ளயும் இருக்கிறம்," என்றீர்கள். "கொடியை ஒரு காலமையில ஏத்திப்போடலாம். சந்தையைப் பிரிக்கிறதெண்டால் அவனோட இருந்து பேசத்தான் வேணும்."

அந்த ஒரு கேள்வியோடு மேசையின் வேலை மாறியது. பேச வேண்டும் என்றால் எதிரே ஆள் வேண்டும். கொழும்பின் பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்லக்கூடிய பதிலை அப்படியே சொல்ல ஒருவர் வேண்டும். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். யோகன், "கொலைகாரன்ர கதிரையில நான் இருக்கமாட்டன்," என்றான். ஒருவர் தனக்கு இரத்த அழுத்தம் என்றார். இன்னொருவர் மனைவி சம்மதிக்கமாட்டா என்றார். கடைசியில் நீங்கள், "நான் இருக்கிறன். எனக்குச் சிங்களம் தெரியும். கொழும்பில, மருதானையில அவையோட ஒரே மேசையில சாப்பிட்டனான். எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு இல்லையெண்ணுவினம் எண்டும் தெரியும்," என்றீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் சட்டையை அயர்ன் பண்ணி, கபில நிறக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தீர்கள். அன்றோடு அது வழக்கமாகிவிட்டது. பட்டியைக் கட்டினால் நீங்கள் மறுதரப்பு. கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தால் எங்கள் ஆள். கூட்டம் முடிந்த அந்த நிமிடமே கழற்றிவிட்டு, "சேர்மன், இப்ப நான் உங்கட கட்சி. அந்த ரோல்ஸ் பெட்டியை இஞ்சால தள்ளுங்கோ, பசிக்குது," என்பீர்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் உங்களைக் கடித்துத் தின்ன நினைத்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

கூட்டக் குறிப்பு எழுதியது நான். யோகன் செயலாளராக இருந்தும் அவன் எழுத்து ஒருவருக்கும் விளங்காது. நீங்கள் அந்தக் கதிரையில் இருந்து சொல்வது எதையும் உங்கள் பெயரில் எழுதக்கூடாது, 'மறுதரப்பு' என்று மட்டும்தான் எழுத வேண்டும் என்று விதி செய்தவனும் நான்தான். குறிப்பைப் போட்டோகொப்பி எடுத்து உறுப்பினர் வீடுகளுக்கும் நாலு பிளாசாக்களில் உள்ள கடைகளுக்கும் கொடுப்போம். சாமான் வாங்க வருகிற சனம் அதை வாசிக்கும். அதனால்தான் அந்த விதி.

எங்களை நீங்கள் என்ன பாடுபடுத்தினீர்கள்! "உங்கட நாட்டுக்குக் கரண்ட் எங்கயிருந்து வருது?" என்பீர்கள். "லக்சபானா," என்று யாராவது சொல்ல, "அது எங்கட மலை. வேணுமெண்டால் விண்ணப்பம் போடுங்கோ," என்பீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பென்சனை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். "உங்கட தனிநாட்டுக்கு முதல் எதிரி ஆரெண்டு தெரியுமோ? மாதம் மாதம் கொழும்பில இருந்து பென்சன் எடுக்கிற வாத்தியார்," என்றீர்கள். எங்களில் மூன்று பேர் பழைய ஆசிரியர்கள். ஒருமுறை நான் ஆறு மாதம் வாசித்து ஒரு மீன்பிடி எல்லை வரைந்து கொண்டுவந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. மீனுக்கு ஆர் வாசிச்சுக் காட்டுறது?" என்று கேட்டீர்கள். எனக்கு இரண்டு கிழமை நித்திரை இல்லை. ஆனால் மூன்றாவது கிழமை நான் கொண்டுவந்த வரைவு முதலாவதைவிட நல்லது. அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

அவர்களுக்கு உங்கள் மேல் வெறுப்பு வந்த நாளும் எனக்குத் தெரியும். சிறுபான்மைப் பாதுகாப்பு என்ற அத்தியாயம் அன்று எடுத்தோம். யோகன் அழகாக வாசித்தான். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில இருந்த முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலம் குடுத்து வெளிய அனுப்பினியள். அவையளோட எந்த மேசையில இருந்து பேசினனீங்கள்?" என்று கேட்டீர்கள்.

யோகன் என்னைப் பார்த்தான். "இது மறுதரப்போ, இவரோ?" என்றான்.

"மறுதரப்பு," என்றேன் நான். அன்றைக்குச் சொன்னேன். எனக்குப் பிடிக்காமல்தான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன். பட்டி உங்கள் கழுத்தில் இருந்தது.

நீங்கள் அன்று போகும்போது என் தோளில் தட்டி, "மறுதரப்பு பதில் சொல்லேலாமல் முழிச்சால் நீங்கள் வெண்டதெண்டு நினைக்காதேங்கோ. அது ஓமெண்டு கையெழுத்துப் போட்டால்தான் வெண்டது," என்றீர்கள். அப்போது எனக்கு அது பெரிய மனிதர் கதையாகத் தெரிந்தது. ரிவியில் இந்தப் பிரிட்டன்காரர் தங்கள் ஆட்களுக்குள்ளேயே வென்று வென்று, மேசையில் தோற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது நினைவுக்கு வருகிறது.

பிறகு ஊரில் பேச்சு முறிந்தது. எங்கள் மேசை முறியவில்லை. வெளிநாடுகளில் மேசைகளை மடக்கி வைத்த பிறகும் மில்லிக்கனில் ஒன்று நடந்தது. எங்களைப் பார்த்து விசர்க்கூட்டம் என்றார்கள். பிரிவதற்கான எங்கள் முன்வரைவு நூற்றெழுபது பக்கத்தைத் தாண்டியது. பிரிந்த பிறகும் ஒன்றாக நடத்த வேண்டியவை என்று ரயில் பாதை, கலங்கரை விளக்கு, சோதனைச் சான்றிதழ், மாட்டு நோய் வரைக்கும் எழுதி வைத்தோம். அதை எங்கே யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கொழும்புக்கு அது தேசத்துரோகம். எங்கள் பெரியவர்களுக்கு அது நேரம் போகாத கிழவர்களின் வேலை. சமாதானப் பேச்சை நடத்திவைத்த வெள்ளைக்கார அதிகாரிக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று அச்சடித்த ஒரு மட்டை வந்தது. எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்தச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன்.

யுத்தம் முடியப் போகிறது என்று எங்களுக்குத் தெரிந்தும் தெரியாத நாட்கள். சனம் முழுக்க ஒரு ஒடுங்கிய கடற்கரையில் அடைபட்டுக் கிடந்தது. உங்கள் தங்கச்சியும் அவவின் இரண்டு பிள்ளைகளும் அதற்குள். டவுன்ரவுனில் ரோட்டோரம் ஆயிரக்கணக்கில் நின்று கத்தினோம். நீங்கள் ஒவ்வொரு நாளும் ரூஜில் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் போய் நின்றீர்கள். அந்தச் சனிக்கிழமையும் அங்கிருந்து நேரே மேசைக்கு வந்தீர்கள். கனத்த குளிர்கோட், மழையில் நனைந்த சப்பாத்து. கழுத்தில் பட்டி இல்லை. வழக்கம்போல மறுதரப்பின் கதிரையில் போய் இருந்தீர்கள்.

நான்தான் தொடக்கினேன். மறக்கவில்லை. "யுத்த நிறுத்தத்துக்கான எங்கட நிபந்தனைகள்," என்று ஏழு நிபந்தனைகளை வாசித்தேன். ஏழு! நீங்கள் கோட்டைக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு தணிந்த குரலில் சொன்னீர்கள்.

"மறுதரப்புக்கு இனி உங்களோட பேச ஒண்டும் இல்லை. பேசுறதெண்டால் உங்களிட்ட குடுக்கிறதுக்கு ஏதாவது இருக்கவேணும். இப்ப உங்களிட்ட இருக்கிறது அந்தக் கரையில நிக்கிற சனம் மட்டும்தான். அதை நீங்கள் குடுக்கமாட்டியள். நாங்கள் கேக்கவும் மாட்டம். எடுப்பம்."

கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினீர்கள். கதவடியில் நின்று, "மறுதரப்பு மேசையை விட்டு எழும்பிட்டுது, சேர்மன். அதையும் எழுதுங்கோ," என்றீர்கள். பிறகு போய்விட்டீர்கள்.

யோகன் மேசையில் அடித்தான். "கேட்டியளோ? எடுப்பமாம்! இது மறுதரப்பில்லை, இது இவற்ற வாய். ரை கட்டினவரே? இல்லையே. வழக்கப்படி இது அவற்ற சொந்தக் கதை. அவற்ற பேரில எழுதுங்கோ!"

மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அழுதவர்களும் சொன்னார்கள். நான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ரோட்டோரத்தில் நின்றுவிட்டு வருகிறீர்கள், அதனால்தான் பட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே உங்களுக்குப் பக்கத்தில் மூன்று நாள் நின்றவன் நான். 'மறுதரப்பு' என்ற சொல்லையே நீங்கள் வாய்விட்டுச் சொன்னதும் எனக்குக் கேட்டது. எல்லாம் தெரிந்துகொண்டு எழுதினேன். ஏழு நிபந்தனைகளை எழுத எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அதை நீங்கள் ஆறு வசனத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டீர்கள் என்ற ஆத்திரம். உங்கள் முழுப் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே அந்த ஆறு வசனத்தையும் எழுதினேன். 'மறுதரப்புக்கு' என்ற உங்கள் முதல் சொல்லை எடுத்துவிட்டு 'எமக்கு' என்று போட்டேன்.

திங்கட்கிழமை அது நாலு பிளாசாவிலும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் எழுத வேண்டியது எனக்குத் தேவை. ரோட்டோரத்தில் நீங்கள் நின்ற இடத்தில் நாலு பேர் வந்து உங்கள் கையில் இருந்த பதாகையை வாங்கினார்கள். "எடுக்கப்போறவன்ர ஆளுக்கு இஞ்ச என்ன வேலை?" என்று ஒருவன் கேட்டான். நான் பத்தடி தள்ளி நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன். கோயிலில் அக்காவுக்கு, உங்கள் மனைவிக்கு, பக்கத்தில் இருந்த பெண்கள் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தார்கள். மீன்கடையில் உங்களை நிற்க வைத்துவிட்டு, பின்னால் வந்தவர்களுக்கு முதல் கொடுத்தார்கள். துரோகி என்ற சொல்லை ஒருவன் உங்கள் கார் கண்ணாடியில் எழுதினான் என்று கேள்விப்பட்டேன்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. எடுத்தார்கள். நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லின்படி, கேட்காமல் எடுத்தார்கள். உங்கள் தங்கச்சியும் வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை.

நீங்கள் சொன்னது பலித்துவிட்டது என்பதற்காகச் சனம் உங்களை மன்னித்ததா? இல்லை. பலித்ததற்காக இன்னும் கூட வெறுத்தது.

ஆனி மாதம் நான் உங்களுக்கு போன் எடுத்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. உங்களுக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது. எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது.

"அண்ணை, நீங்கள் ஒரு வசனம் சொன்னால் போதும். 'நான் அந்தக் கதிரையில இருந்து சொன்னது' எண்டு. நான் திருத்திப் போடுறன்."

"குறிப்பு எழுதினது ஆர்?"

"நான்."

"அப்ப திருத்துறதும் நீங்கள்தான். நான் ஏன் வந்து கேக்கவேணும்?"

"நீங்கள் கேட்டால்தானே சனம் நம்பும்."

பிறகு, "தம்பி, அந்தக் கதிரையில இருந்தவன் எழும்பி வந்து 'ஐயோ, நான் சும்மா சொன்னனான்' எண்டு விளக்கம் குடுத்தால், இனி அதில ஒருத்தனும் வந்திரான். பிறகு நீங்கள் கண்ணாடியைப் பாத்துத்தான் பேச்சுவார்த்தை நடத்தவேணும்," என்றீர்கள்.

ஆறு வருடத்தில் என்னைத் தம்பி என்று நீங்கள் கூப்பிட்டது அன்றுதான். நான் போனை வைத்துவிட்டேன். திமிர் பிடித்த கிழவன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு வசனம், அண்ணை! ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அக்கா கோயிலுக்குத் தலை நிமிர்ந்து போயிருப்பா. நீங்கள் சொல்லமாட்டேன் என்றீர்கள். நீங்கள் சொல்லாமல் நான் திருத்தமாட்டேன் என்றேன். யாரோ எங்களுக்கு இடையில் மத்தியஸ்தம் செய்ய வரவேண்டும் என்பதுபோல இரண்டு பேரும் காத்திருந்தோம். நாட்டைப் பிரிக்க நூற்றெழுபது பக்கம் எழுதிய இரண்டு பேர்.

மரங்களில் இலை கொட்டும் காலத்தில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தேன். மண்டபத்தில் முப்பது பேர்கூட இல்லை. அக்கா என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "நீங்கள் ஏன் வந்தனீங்கள்? குறிப்பு எழுதவோ?" என்றா. நான் திரும்பி வந்து காரில் ஏறினேன். அவ மேலும் எனக்குக் கோபம். ஆனால் அதுபோல ஒரு கேள்வியை உங்களைத் தவிர வேறு ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

மேசை அதோடு முடிந்தது. எதிரே கதிரை இல்லாமல் இரண்டு கூட்டம் நடத்திப் பார்த்தோம். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள்.

இப்போது பிரிட்டன்காரரின் கூத்துத் தொடங்கியதும் யோகனுக்கு நாங்கள் நினைவுக்கு வந்துவிட்டோம். அவன் இன்றைக்கு ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி விற்கிற ஆள், முகம் பஸ் தரிப்பிட விளம்பரத்தில் இருக்கிறது. போன வருடம் என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். "அண்ணை, நாங்கள் அப்பவே இதையெல்லாம் யோசிச்ச ஆக்கள். முன்வரைவையும் குறிப்புகளையும் சேத்து ஒரு புத்தகமாப் போடுவம். உங்கட படம் முதல் பக்கத்தில," என்றான்.

"ஒரு கூட்டத்தின்ர குறிப்பில பிழை இருக்கு. அதைத் திருத்திப்போட்டுப் போடு," என்றேன்.

அவனுக்கு எந்தக் கூட்டம் என்று உடனே விளங்கியது. முகம் மாறவில்லை. "அது எனக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தையே எடுத்துவிடுவம். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. அவற்ற பேரும் வராது, உங்கட பேரும் பழுதாகாது."

"எடுக்கக்கூடாது. திருத்தவேணும். 'இதை இன்னாரின் பெயரில் பொய்யாக எழுதியவர் தலைவர்' எண்டு கீழ போடு."

"உங்களுக்கென்ன விசரே? செத்த ஆளுக்காண்டி உங்கட மானத்தைக் குடுக்கப்போறியளோ?"

"அந்தாள் உயிரோட இருக்கேக்க நான் குடுத்திருக்கவேணும்."

"அண்ணை, நானும்தானே சொன்னனான், பேரில எழுதச் சொல்லி. என்ர பேரையும் போடப்போறியளோ?"

"உன்ர பேர் வேண்டாம். நீ கத்தினனீ. எழுதினது நான்."

அவன் தலையாட்டினான். புத்தகம் வந்தது. வழவழப்பான அட்டை. சித்திரை மாதத்துக் கூட்டம் அதில் இல்லை. பங்குனியிலிருந்து நேரே முடிவுரைக்குப் போகிறது. எங்கள் மறுதரப்பு எழும்பிப் போகவே இல்லை, அந்தப் புத்தகத்தில். யுத்தம் முடியவில்லை, ஒருவரும் சாகவில்லை. உங்கள் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. என் படம் முதல் பக்கத்தில் சிரிக்கிறது.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். ஒரு தாளில் எழுதினேன். அந்த ஆறு வசனத்தையும் நீங்கள் சொன்னபடியே எழுதி, மேலே 'மறுதரப்பு' என்று போட்டேன். கீழே, அதை மாற்றி எழுதியவன் நான் என்றும், தெரிந்துகொண்டுதான் எழுதினேன் என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நாற்பது போட்டோகொப்பி. முன்பு கொடுத்த அதே நாலு பிளாசாவுக்கும் நானே கொண்டுபோனேன். மீன்கடையின் அறிவித்தல் பலகையில் நடன வகுப்புக்கும் வாடகை அறைக்கும் நடுவில் குத்தினேன். சனம் வந்து கத்தும், எனக்கு முகத்தில் துப்பும் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றேன். அரை மணித்தியாலம் நின்றேன்.

காசு வாங்குகிற இடத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்து வாசித்தாள். "இவர் ஆர் அங்கிள்? உங்கட சொந்தமோ?" என்றாள்.

"இந்தக் கடையில இவரைக் காக்க வைச்சவை," என்றேன்.

"அப்பிடியோ? நான் வந்து ரெண்டு வருசம்தான் அங்கிள்," என்றாள். "இறால் நல்லது வந்திருக்கு, வேணுமோ?"

அண்ணை, அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் யுத்தம் முடிந்த நாளில்கூட வரவில்லை. உங்கள் பதாகையைப் பறித்தவர்களுக்கும், கார்க் கண்ணாடியில் எழுதியவனுக்கும், எழும்பிப்போய் வேறு இடத்தில் இருந்த பெண்களுக்கும் நீங்கள் யாரென்றே நினைவில்லை. நான் குத்திய தாளை நின்று வாசித்துவிட்டு, கோப்பியை உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள். வெறுத்தவர்கள் வெறுப்பையாவது வைத்திருக்க வேண்டாமா? அதைக்கூட வைத்திருக்கவில்லை. அது இன்று என்னிடம் மட்டும்தான் இருக்கிறது போலிருக்கிறது.

என்னிடம் மட்டும் இல்லை. ஒரு பிரதியை ரூஜுக்குத் தபாலில் போட்டேன். நாலு நாள் கழித்து அக்கா போன் எடுத்தா. இத்தனை வருடத்துக்குப் பிறகு.

"உது கிடைச்சுது. ஏன் எனக்கு அனுப்பினனீங்கள்?"

"நீங்கள் அறியவேணும் எண்டு."

"எனக்குத் தெரியாதே? அவருக்குத் தெரியாதே? சாகிற கிழமையும் அவர் சொன்னவர், உந்தாள் உண்மையை ஒருநாள் தானா எழுதும், ஆனால் ஆரும் கேட்டு எழுதாது எண்டு. அவர் உங்களில கோவிக்கேல்லை. நான்தான் கோவம். இனியும் கோவம்தான். நீங்கள் தாள் ஒட்டினதுக்காண்டி நான் அதை விடப்போறேல்லை."

"விடவேண்டாம் அக்கா," என்றேன்.

"விடமாட்டன்," என்றா. போனை வைத்தா.

அன்றைக்குத்தான் நீங்கள் போன பிறகு முதன்முறையாக எனக்கு எதிரே ஒரு ஆள் இருந்ததுபோல இருந்தது. ஒரு நிமிடம்தான்.

மற்ற நேரம் எல்லாம் நான் தனியேதான். எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. முன்வரைவை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்று கேட்கவேண்டாம். மீன்பிடி எல்லையைப் பிரிட்டன்காரரைப் பார்த்தபின் மறுபடியும் மாற்றினேன். சிறுபான்மை அத்தியாயத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்குக் கீழே பதினாலு தரம் எழுதி வெட்டியிருக்கிறேன். எழுதி முடித்ததை நிலக்கீழ் அறையில் எழும்பி நின்று உரத்து வாசிக்கிறேன். ஒருவரும் குறுக்கே பேசுவதில்லை. ஒருவரும் சிரித்துக்கொண்டு இல்லையென்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆளில்லாதபோது நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது, அண்ணை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.